ஒரே மாத்திரை, இருவேறு வினாக்கள்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு 'மாத்திரை' என்னும் சொல் முதலில் நினைவூட்டுவது மருந்துக் கடையை அன்று. எழுத்தின் ஒலியளவையே ஆகும். இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்றும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றும் தொல்காப்பியர் வரையறுத்தார். மருந்துக்கும் அச்சொல்லே பெயராயிற்று. அளந்து உண்ண வேண்டியது என்னும் கருத்து அப்பெயருக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்று வகுப்பில் நான் கூறுவதுண்டு. ஆயினும், மாத்திரையை எழுதித் தருவோரும் அதனை வாங்கி உண்போரும் அதைக் கண்டு அஞ்சித் தூர எறிவோரும் அளவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்பதை அண்மையில் என் குடும்பத்திலேயே கண்டேன்.

குருதியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 'ஸ்டேட்டின்' வகை மாத்திரைகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று மருத்துவர்கள் வினவக்கூடும், வினா நியாயமானதே. அதற்கு விடையாக இரு நிகழ்ச்சிகளைக் கூற வேண்டும்.

என் தாய்மாமாவுக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, இரவுதோறும் ஒரு ஸ்டேட்டின் மாத்திரை உண்ணுமாறு மருத்துவர் எழுதித் தந்தார். ஈராண்டுகள் தவறாமல் உண்டார். பிறகு கால்களில் வலி என்றார். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், "அது ஈரலைக் கெடுக்கும், நினைவை அழிக்கும், வெளிநாட்டான் பணம் பண்ணுவதற்காகக் கண்டுபிடித்தது" என்று சொல்லியிருக்கிறார். மாமா அன்றிரவே நிறுத்திவிட்டார். மருத்துவரிடமும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. ஏழாம் மாதம் மீண்டும் மாரடைப்பு வந்தது. இறைவன் அருளால் உயிர் தப்பினார். மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லவும் இயலாது. ஆயினும் நிறுத்தியதை மறைத்தது பெரும்பிழை என்று கடிந்துகொண்டார்.

அதே ஆண்டில் எனக்கும் ஓர் அனுபவம் வாய்த்தது. குருதிப் பரிசோதனை ஒன்றில் என் மொத்தக் கொலஸ்ட்ரால் 228 என்று வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, இரத்த அழுத்தமும் சீராகவே உள்ளது. நான் கண்ட மருத்துவர் தாளைப் பார்த்தார். மாமா உண்ட அதே மாத்திரையை எழுதினார். "வாழ்நாள் முழுதும்" என்றார். "இதனால் எனக்கு எவ்வளவு நன்மை ஐயா?" என்று கேட்டேன். "மாரடைப்பு முப்பது சதவீதம் குறையும்" என்றார். எதில் முப்பது என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, "மருமகனே, உனக்கும் அதேதானா? அப்படியானால் எல்லாருக்கும் இதைத்தான் எழுதுகிறார்கள் போலும்" என்றார். அவர் ஐயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எல்லார்க்கும் ஒன்றே மருந்தென்றால் அது வணிகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். மாத்திரை ஒன்றுதான், ஆனால் அது அவரிடம் எழுப்பும் வினா வேறு, என்னிடம் எழுப்பும் வினா வேறு. இதனை இருவர்க்கும் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இம்மருந்தின் பிறப்பு அறியத்தக்கது. அகிரா எண்டோ என்னும் ஜப்பானிய உயிர்வேதியியலார், பூஞ்சைகளில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் உண்டா என்று தேடினார். பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கின் வரலாறு அவரைக் கவர்ந்திருந்தது. ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்தபின், கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் படர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் 1973இல் அப்பொருள் அகப்பட்டது. நம் உடலின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிய உறுப்புகளே உண்டாக்குகின்றன. அவ்வுற்பத்திக்குத் துணைநிற்கும் நொதி ஒன்றை இப்பொருள் தடுக்கிறது. அப்போது கல்லீரல் தன் தேவைக்குக் குருதியிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. குருதியில் அளவு தாழ்கிறது. கல்லீரல் அவ்வாறு எடுத்துக்கொள்ளும் வழியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்க்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் முதல் ஸ்டேட்டின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024இல், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவருடைய கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்தபோது, அவர் யாரென்று அறியாத மருத்துவர் "நல்ல மருந்துகள் இருக்கின்றன" என்று ஆறுதல் கூறினாராம். அவரோ மருந்தை நாடாமல் உடற்பயிற்சியை நாடினார். இச்செய்தியைக் காட்டி மருந்தே பொய் என்பாருளர். அது தவறான முடிவு. தமக்கு அப்போது அது தேவையா என்றுதான் அவர் பார்த்தார்.

குருதியில் ஓர் எண் தாழ்வது வேறு. மனிதன் பிழைப்பது வேறு. பின்னதை அறிய ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள இரு கூட்டத்தாருள் ஒரு கூட்டத்தார்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்துபோன்ற வெற்று மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதாகும். ஒப்பிட்டறியும் இம்முறையின் வேரை நம் மாணவர்கள் மேலைநாட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, மூளையுறை அழற்சியின் குறிகள் தோன்றிய நோயாளருள் ஒரு சாரார்க்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டும், முடிவைக் கண்டறிய முயன்றதைத் தம் 'அல்ஹாவீ' என்னும் பெருநூலுள் குறித்துள்ளார். குருதி வாங்குவது சரியா என்பது வேறு செய்தி. ஒப்பிட்டுப் பாராமல் மருந்தின் பெருமையைச் சொல்லலாகாது என்ற எண்ணம் அவர்க்கு இருந்ததே நாம் கொள்ளத்தக்கது.

ஸ்டேட்டினுக்கு அத்தகைய பெருஞ்சோதனை ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994இல் வெளிவந்தது. முன்பே மாரடைப்போ இதயவலியோ கண்ட 4444 பேர் அதில் பங்குகொண்டனர். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்குப் பன்னிருவர் இறந்தனர். மருந்துண்டவர்களுள் நூற்றுக்கு எண்மர் இறந்தனர். பன்னிரண்டு எட்டானதையே முப்பது விழுக்காட்டுக் குறைவு என்றனர். நூறு குடும்பங்களில் நான்கு வீடுகளில் மரண ஓலம் எழவில்லை என்று இதனைத் தமிழில் சொல்லலாம். என் மாமா இந்த நூற்றுவருள் ஒருவர். அவரைப் போன்றோர்க்கு இம்மாத்திரையின் நன்மை ஐயத்துக்கு இடமற்றது என்றே நான் கருதுகிறேன். இதன்பின் வந்த பெரிய சோதனைகளும் அதனை உறுதிப்படுத்தியுள்ளன.

மறு ஆண்டே மேற்கு ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. இதில் பங்குகொண்ட 6595 ஆடவரும் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்தவர்கள். ஆனால் முன்பு மாரடைப்புக் காணாதவர்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்புக் கண்டவரும் இதயநோயால் இறந்தவருமாகச் சேர்த்து, மருந்துண்ணாதவருள் நூற்றுக்கு எட்டுப் பேர். மருந்துண்டவருள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர். இங்கும் குறைவு முப்பத்தொரு விழுக்காடுதான்! விழுக்காடு அதே, பொருளோ அதே அன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் மாத்திரை இன்றியும் அவ்வைந்தாண்டுகளை நலமாகவே கடந்திருப்பர். நூற்றுவர் நாள்தோறும் உண்டதன் பயன் இரண்டு மூன்று பேரைச் சென்றடைந்தது. அந்த இரண்டு மூன்று பேர் யாவர் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். இது சிறிய நன்மையன்று. ஊர் முழுதும் கூட்டிப் பார்த்தால் பெரிது. ஆனால் என் மருத்துவர் சொன்ன முப்பது, நான் கற்பனை செய்துகொண்ட முப்பது அன்று. எதில் முப்பது என்பதைச் சொல்லாமல் முப்பது என்று மட்டும் சொல்வது, பாட்டின் சீரைச் சொல்லி அடியை மறைப்பது போன்றது.

அவையெல்லாம் குளிர்நாட்டார் கணக்கு, நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியர்க்கு 53 என்றும், பிறர்க்குப் பொதுவாக அதைவிடச் சில ஆண்டுகள் பிந்தியது என்றும் அவ்வாய்வு கூறிற்று. நம் மக்கள் இளமையிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது இதனால் தெளிவாகும். 2016இல் வெளிவந்த மற்றொரு சோதனையிலும் அவர் பங்கு பெரிது. இதயநோய் இல்லாத, நடுத்தர ஆபத்துடைய 12,705 பேரில் தெற்காசியரும் இடம்பெற்றிருந்தனர். ஐந்தரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை நூற்றுக்கு 4.8 என்பதிலிருந்து 3.7 ஆகக் குறைந்தன. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். எனக்குரிய கணக்கு இதற்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவரின் ஆபத்து மிகுந்தால் இந்த 'ஒருவர்' மூவராகவும் நால்வராகவும் பெருகும். எனவே சர்க்கரை நோயரோ, புகைப்பவரோ, குடும்பத்தில் இளமையிலேயே மாரடைப்புக் கண்டவரோ என் விடையைத் தம் விடையாகக் கொள்ளுதல் கூடாது.

இனித் தீமைகளைப் பார்ப்போம். இம்மருந்தின் வரலாற்றில் தசைத் தளர்ச்சி தொடக்கத்திலேயே தலைகாட்டியது. 1978இல் ஒசாகாவில், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக்க பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எண்டோவின் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறைந்தது. கூடவே தசை வலுவிழந்தது. மருத்துவர் அளவைக் குறைத்து மருத்துவத்தைத் தொடர்ந்தார். மீண்டும் 'மாத்திரை'யின் பொருள்! 2001இல் செரிவாஸ்டேட்டின் என்னும் வகை, தசை சிதைந்து சிறுநீரகம் பழுதுற்று ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததாகத் தெரியவந்தபின், உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அஞ்சுவோரைப் பேதையர் என்று நகைப்பது முறையன்று. இன்று வழங்கும் வகைகளில் அத்தகைய தசைச்சிதைவு மிக அரிது; எனினும் சிறுநீர் கறுத்து, தசை கடுமையாக வலித்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரோசுவாஸ்டேட்டின் என்னும் வகை ஆசிய மக்களின் குருதியில் ஏறத்தாழ இருமடங்கு தங்குவதால், அவர்க்குத் தொடக்க அளவைக் குறைக்குமாறு அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே சொல்லப்பட்டுள்ளது.

ஆயின் எல்லாக் கால்வலியும் மாத்திரையின் வலியா? இதற்கு இலண்டனில் ஓர் அழகிய சோதனை செய்தனர். முடிவு 2020இல் வந்தது. பக்கவிளைவு தாளாமல் ஸ்டேட்டினை நிறுத்திவிட்ட அறுபது பேர்க்குப் பன்னிரண்டு மாதத்திற்குப் பன்னிரண்டு குப்பிகள் தந்தனர். நான்கில் மருந்து, நான்கில் வெற்று மாத்திரை, நான்கில் ஒன்றுமே இல்லை. நாள்தோறும் தம் துன்பத்தை நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் குறித்துவந்தனர். மாத்திரையே இல்லாத மாதங்களில் துன்பம் எட்டு. மருந்துண்ட மாதங்களில் பதினாறு. வெற்று மாத்திரை உண்ட மாதங்களிலோ பதினைந்து! வலி பொய்யன்று, அவர்கள் உண்மையாகவே வருந்தினர். ஆனால் அவ்வருத்தத்தின் பெரும்பகுதியை உண்டாக்கியது மருந்தன்று. மாத்திரை உண்கிறோம் என்னும் அச்சமே. தம் கணக்கைத் தாமே கண்டபின் அவர்களுள் பாதிப்பேர் மீண்டும் மருந்துண்ணத் தொடங்கினர். பள்ளிவாசல் திண்ணையில் சொல்லப்பட்ட ஒரு சொல் என் மாமாவின் கால்வலியில் எவ்வளவு கூட்டியிருக்கும் என்று இதைப் படித்தபோது எண்ணினேன்.

சர்க்கரை நோய் பற்றிய ஐயம் அச்சத்தால் விளைந்ததன்று. பதின்மூன்று சோதனைகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, 255 பேர் நான்காண்டுகள் ஸ்டேட்டின் உண்டால் ஒருவர்க்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. அதே 255 பேரில் ஐந்து மாரடைப்புகளோ இதயநோய் மரணங்களோ தவிர்க்கப்படும் என்பதும் அவ்வாய்வாளர் கணக்கே. மாமாவின் தராசில் இது எளிதாகச் சாயும். என் போன்றோர் தராசில் அவ்வளவு விரைவாகச் சாயாது. ஈரலைப் பற்றிய அச்சம் பெரிதும் மிகையானது. கடும் கேடு மிக அரிது என்பதால் அமெரிக்க அரசு 2012இல், அடிக்கடி ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும் என்னும் விதியையே நீக்கியது. மறதி சிலர்க்குத் தோன்றுவதாகவும் நிறுத்தினால் மறைவதாகவும் அப்போதே குறித்தது.

"இயற்கை மருந்து போதும்" என்று வாதிடும் நண்பர்க்கு ஒரு செய்தி. சீனரின் சிவப்புப் பூஞ்சண அரிசியைக் கொலஸ்ட்ராலுக்கு நல்ல இயற்கைப் பொருள் என்று விற்கின்றனர். அதிலுள்ள வினைப்பொருள், 1987இல் மாத்திரையாக வந்த லோவாஸ்டேட்டினே! அளவு குறிக்கப்படாத மாத்திரை அது, அவ்வளவுதான் வேறுபாடு.

நம் சமுதாயத்தாரிடம் இன்னொரு வழக்கத்தையும் காண்கிறேன். மாத்திரையை உண்டுவிட்டால் உணவுக்கு அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். திருமண விருந்தில், "அதுதான் இரவு மாத்திரை போடுகிறேனே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பிரியாணி வாங்குவோரைப் பார்த்திருக்கிறேன். முற்கூறிய 52 நாடுகளின் ஆய்வு மாரடைப்புக்குக் காரணமாக ஒன்பதைக் காட்டிற்று. கொலஸ்ட்ரால் சார்ந்த கேடு அவற்றுள் ஒன்று. புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனச்சுமை, காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை ஆகியவற்றை இம்மாத்திரை தொடுவதேயில்லை. மற்றொருபுறம், தமிழில் 'கொழுப்பு' என்றால் செருக்கு என்றும் பொருளுண்டு. ஆகவேதானோ என்னவோ, "உனக்குக் கொழுப்புக் கூடிவிட்டது" என்ற சோதனை முடிவு ஒரு வசவுபோல் கேட்கிறது. உண்டு கொழுத்ததன் தண்டனை என்று நோயாளி நாணுகிறார். மெலிந்த உடலினர்க்கும் பிறவியிலேயே மிகுந்த கொலஸ்ட்ரால் அமைவதுண்டு என்பதை அறிந்தால் அந்நாணம் விலகும்.

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்றார் வள்ளுவர்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். நோய்க்கு மருந்துண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஆகவே மருந்தை வெறுப்பது நம் மரபன்று; கேளாமல் விழுங்குவதும் நம் மரபன்று. என் குடும்பத்தில் நடந்ததைப் பாருங்கள். மருத்துவர் எனக்கு விளக்கவில்லை. மாமா மருத்துவரிடம் சொல்லவில்லை. அருகிருந்து கொடுக்க வேண்டிய மாமிக்கு ஒன்றும் தெரியாது. நான்கு உறுப்புகளில் மருந்து ஒன்றே தன் வேலையை ஒழுங்காகச் செய்ய ஆயத்தமாக இருந்தது!

மருத்துவர்க்கு நேரமில்லை என்பது உண்மை. ஒரு நாளில் எண்பது பேரைப் பார்ப்பவரிடம் கால்மணி நேர விளக்கம் எதிர்பார்க்க முடியாது. இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை இருக்கிறது. "உங்களைப் போன்ற நூறு பேரில் பத்தாண்டுகளில் இத்தனை பேர்க்கு மாரடைப்பு வரும், மாத்திரை உண்டால் இத்தனை பேர்க்கு வரும், இத்தனை பேர்க்குத் தொல்லை நேரும்" என்று ஒரு பக்கத்தில், கண்ணாடி போட்ட முதியவரும் படிக்கும் எழுத்தில், நல்ல தமிழில் அச்சிட்டு மருத்துவமனை வாயிலில் வைக்க இயலாதா? மருத்துவர் எண்களைத் தரட்டும். வாக்கியத்தை நம் துறை மாணவர் அமைக்கட்டும். ஆண்டுதோறும் மலருக்கு வாழ்த்துப்பாக்கள் குவிகின்றன. அவற்றுள் நான்கைக் குறைத்தால் இத்தாளுக்கு இடமும் பணமும் கிடைக்கும். வாழ்த்துப்பா எழுதும் நண்பர்கள் பொறுத்தருள்க.

வேறொரு மருத்துவரிடம் சென்று என் ஐயங்களைக் கேட்டேன். அவர் இரத்த அழுத்தம், வயது, குடும்ப வரலாறு அனைத்தையும் கேட்டறிந்து, ஆறு மாதம் நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் கொண்டு, பின்பு மீண்டும் குருதியைச் சோதித்து முடிவு செய்யலாம் என்றார். அப்போதும் குறையாவிடில் மாத்திரையை உண்ண எனக்குத் தடையில்லை. கேட்டறிந்து உண்கிறேன் என்னும் நிறைவு இருக்கும்.

மாமாவுக்கு வேறு வகை ஸ்டேட்டினைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார்கள். கால்வலி இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது, ஆனால் முன்போல் இல்லை" என்கிறார். சென்ற ரமலானில் மாத்திரையை எப்போது உண்பது என்று அவரே மருத்துவரிடம் கேட்டு வந்தார். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத் தட்டின் ஓரத்தில் மாமி அதை எடுத்து வைக்கிறார். மாமா நோன்புக் கஞ்சியைக் குடித்து முடித்து, மஃரிபுக்கு எழுமுன் அதை வாயிலிட்டுக்கொள்கிறார். திண்ணை நண்பர் இப்போதும் வருகிறார். தம் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று அவர் இன்னும் பார்க்கவில்லை.